என் சத்தத்தைக் கெடுத்த புள்ள

கொஞ்சம் நகந்து உக்காருங்க அண்ணாச்சி. போதும், எனக்கு இம்புட்டு எடம் போதும். இந்தாங்க, டீ குடிங்க. சும்மா குடிங்க. தனியாக் குடிக்க எனக்குப் பிடிக்காது, அதான் ரெண்டா வாங்கிட்டேன். லிஃப்ட் ஓடல, கீழேருந்து படியேறித்தான் கொண்டாந்தேன். ஒரு சொட்டு சிந்தல பாத்தியளா?

உங்களுக்கு என்னது, வயிறா நெஞ்சா? இருங்க, சொல்லாதிய, நானே சொல்லுதேன். வயிறு. இடப்பக்கமே கைய வச்சுக்கிட்டு இருக்கியள்லா, அதுல தெரிஞ்சுபோச்சு. மண்ணீரல் வீங்கிருக்குன்னு சொல்லிருப்பாவ. நல்ல கேஸ் அண்ணாச்சி. கேலிக்குச் சொல்லல. கைக்கு நல்லாத் தட்டுப்படுத மண்ணீரலுக்கு இந்த ஆஸ்பத்திரியில உள்ள மரியாத வேற எதுக்கும் கிடையாது. நெஞ்சுக்கு உண்டு. நெஞ்சுக்கு அதவிடக் கூட. அது என் கத, அதுக்குப் பொறவு வாரேன்.

முதத் தடவையா? பயப்படாதிய. ஊசி கிடையாது, கத்தி கிடையாது. உள்ள கட்டில்ல படுத்துக்கிட வேண்டியது. டாக்டருக்குப் படிக்கிற புள்ளைய ஒவ்வொண்ணா வரும். பேரு ஊரு கேக்கும், என்ன செய்யுதுன்னு கேக்கும், வயித்த அமுக்கிப் பாக்கும். பொறவு பெரிய டாக்டர் வந்து, இவருக்கு என்ன வியாதி, எத வச்சுச் சொல்லுதன்னு அந்தப் புள்ளையக் கேப்பாவ. அதுக்குக் கை வெடவெடன்னு ஆடும். நமக்கு ஒண்ணும் ஆடாது.

இன்னைக்கி நடக்கது மாடல் எக்ஸாம். ஒத்திகைன்னு வச்சுக்கிடுங்க. நம்ம ஆஸ்பத்திரி டாக்டர்மாரே கேள்வி கேப்பாவ, அவியளே ஏசுவாவ. அடுத்த மாசம் அசல் பரீட்ச. அதுக்கு வெளியூர்லேருந்து பெரிய பெரிய ஆளா வரும். அதுல தோத்தா ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்து நிக்கணும். ரெண்டுக்கும் அநேகமா நம்மள மாதிரி ஒரே ஆளுகளத்தான் கூப்பிடுவாவ. பின்ன என்ன செய்வாவ? பெரிய மண்ணீரலும் நெஞ்சுல சத்தமும் கடையிலயா விக்கிது?

இம்புட்டும் சொல்லுதியே, நீரு யாருவேன்னு பாக்கிய. எம்பேரு சொரிமுத்து. இந்த வார்டுல எந்த சிஸ்டர்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. சிரிப்பாவ. அது பாசத்துல சிரிக்கிறது.

சின்ன வயசுல எனக்கு மூட்டு மூட்டா வீங்கி ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிட்டு. போகும்போது நெஞ்சுல ஒரு கதவக் கெடுத்துட்டுப் போயிட்டு. நம்ம நெஞ்சுக்குள்ள ரத்தம் போக வரக் கதவு இருக்காம்லா, அதுல ஒண்ணு எனக்குச் சரியாத் தொறக்காது. அந்த இடுக்கு வழியா ரத்தம் நுழையும்போது ஒரு சத்தம் வரும். குழாய வச்சுக் கேட்டா, தூரத்துல லோடு லாரி மேட்டுல ஏறுத மாதிரி உறுமுமாம். அதுக்கு மைட்ரல் ஸ்டெனோசிஸ்னு பேரு. இந்த வட்டாரத்துலயே இம்புட்டுத் தெளிவான சத்தம் வேற யாருக்கும் இல்லன்னு பெரிய டாக்டர் சங்கரபாண்டியனே சொல்லிருக்காவ. எங்கிட்ட இல்ல, பக்கத்துல நின்ன டாக்டர்ட்ட சொன்னாவ. ஆனா எனக்குக் கேட்டுச்சு.

நான் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் போடுதவன் அண்ணாச்சி. அங்க என்ன எவன் மதிக்கான்? "ஏ டோக்கனு, வண்டிய எங்கவே நகட்டி வச்ச"ம்பான். பரீட்ச சீசன்ல இங்க வந்து படுத்தா, ஜன்னலோரக் கட்டில், வேளைக்குச் சாப்பாடு. முந்துன நாளே புள்ளைய இளநியும் சாத்துக்குடியுமா வந்து, அங்கிள் சௌக்கியமா, அங்கிள் தூங்குனியளான்னு நிக்கும். ஒரு வருசம் ஒரு புள்ள நெய் மைசூர்பாகு கொண்டாந்துச்சு. வாயில போட்டா கரையுது. அது இப்ப துபாய்ல டாக்டரா இருக்கு.

நானும் சும்மா வாங்கித் திங்கதில்ல. மாடல் எக்ஸாம்ல என்னால ஆன ஒத்தாசையச் செய்வேன். குழாய எடந்தெரியாம வச்சா லேசா இருமுவேன். சரியான எடத்துக்கு வந்துட்டா, சாமி கும்பிடுத மாதிரி கண்ண மூடிக்கிடுவேன். இடப்பக்கமாப் படுத்தாத்தான் என் சத்தம் நல்லாக் கேக்கும். அதுவா என்னத் திரும்பச் சொல்லணும்னு தெரியாம முழிச்சா, நானே முதுகு வலிக்கிற மாதிரிப் புரண்டுக்கிடுவேன். அப்பயும் விளங்கலைன்னா, கொட்டாவி விடுத சாக்குல "மைட்ரல்"னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான். எங்கிட்ட மாடல் எக்ஸாம்ல உக்காந்த புள்ள எதுவும் தோத்ததா சரித்திரமே இல்ல. பெரிய டாக்டருக்குச் சந்தேகம் உண்டு. ஆனா கொட்டாவி விட்டவன என்ன செய்ய முடியும்?

போன வருசந்தான் எல்லாம் கெட்டுச்சு. எஸ்தர் கனின்னு ஒரு புள்ள. ஆறுமுகநேரிப் பக்கம், அப்பா உப்பளத்துல வேல. அது ஏற்கெனவே ஒரு தடவ அசல்ல தோத்து, அடுத்த செட்டுப் புள்ளைகளோட வந்து நிக்கி. முந்துன நாள் என்னப் பாக்க வரவும் இல்ல, இளநியும் இல்ல. நான் அதெல்லாம் மனசுல வைக்கிற ஆளு இல்ல. இருந்தாலும் சொல்லுதேன்.

அன்னைக்கி மாடல் எக்ஸாம்ல முதல்ல எங்கிட்ட வந்தது பிரணவ்னு ஒரு பையன். அப்பா சொந்தமா ஆஸ்பத்திரி வச்சிருக்காவ. நல்ல பையன், முந்துன நாளே ஆப்பிள் கொண்டாந்தான். நான் ஒரு இருமல் இருமுனேன், டக்குனு குழாய நகட்டிட்டான். கண்ண மூடுனேன், தலைய ஆட்டுனான். கற்பூரம். பெரிய டாக்டர்ட்ட மடமடன்னு ஒப்பிச்சான் பாருங்க, கேக்கவே சுகமா இருந்துச்சு. அன்னைக்கி அவனுக்குத்தான் முத மார்க்கு.

அடுத்தாப்ல இந்தப் புள்ள வந்துச்சு. வந்ததும் குழாய எடுக்கணும்லா? எடுக்கல. ரெண்டு கையையும் பரபரன்னு தேச்சுக்கிட்டு நிக்கி. என்னம்மான்னா, கை சில்லுன்னு இருக்கு ஐயா, உங்களுக்குக் கூசுமுங்கு. பொறவு, தொட்டுப் பாக்கட்டுமான்னு கேக்கு. இத்தன வருசத்துல எங்கிட்ட உத்தரவு கேட்ட ஆளு அதுதான். சரி தாயின்னேன். அப்பயும் தொடல. ராத்திரி எத்தன தலகாணி வச்சுத் தூங்குவியன்னு கேட்டுச்சு. எனக்குக் கோவம். பரீட்சைக்கு வந்தியா, கட்டில் கடை வைக்கப் போறியான்னு நெனச்சுக்கிட்டு, ரெண்டுன்னேன். போன வருசமும் ரெண்டான்னுச்சு. போன வருசம் ஒண்ணு. மூச்சு முட்டி எந்திரிச்சு உக்காருவியளா? என்னைக்காவதுன்னேன். என்னைக்காவதுன்னா வாரத்துல ஒரு நாளான்னு புடிச்சுக்கிடுச்சு. எம்பொண்டாட்டி பிரம்மு கூட என்ன இப்படி நோண்டுனது கிடையாது.

நேரம் போவுது. நான் பதறிப்போயி, ஒத்தாசை செய்வோம்னு இருமுனேன். கேட்டியளா, அந்தப் புள்ள பேனாவ எடுத்து, இந்த இருமல் எத்தன நாளா இருக்குன்னு எழுதுது. இது இருமல் இல்லம்மா, இது உனக்குன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுதேன். சளியில ரத்தம் கலந்து வருதான்னு கேக்கு. நான் கண்ண மூடுனேன். மயக்கமா வருதாங்கு. என்னத்தச் செய்ய? கடைசியில அது குழாய நெஞ்சுல வைக்கவும் மணி அடிக்கவும் சரியாப் போச்சு.

பெரிய டாக்டர் வந்து என்ன சத்தம் கேட்டன்னாவ. அது திக்குது. தப்புத் தப்பாச் சொல்லுது. ஆனா வாய் மட்டும் ஓயல. இவருக்கு மூச்சுமுட்டல் போன வருசத்துக்கு இப்பக் கூடிருக்கு சார், ரெண்டு தலகாணி வச்சுத் தூங்குதாரு சார்னு அதையே சொல்லுது. அவியளுக்கு வந்துச்சே கோவம். இது பரீட்சையா, உன் ஓ.பி.யா? இதே வேகத்துல போனா அசல்லயும் இதே கதைதான்னு எல்லாருக்கும் முன்னால ஏசிட்டாவ. எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா என் இருமல மதிச்சிருந்தா இந்த நெலம வந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க. படிக்கட்டுல உக்காந்து அழுதுச்சாம். அசல் பரீட்சைக்கே போக மாட்டேன், ஊருக்குப் போறேன்னு சொல்லிச்சாம். சிஸ்டர் சொன்னா.

அதோட விட்டுதா? சாயங்காலம் பெரிய டாக்டர் தனியா வாராவ. எப்பவும் கட்டில் கால்மாட்டுல நிக்கிற மனுசன், அன்னைக்கிப் பக்கத்துல உக்காந்தாவ. ரொம்ப நேரம் குழாய வச்சுக் கேட்டாவ. அந்தப் புள்ள கேட்ட அதே தலகாணிக் கதைய அவியளும் கேட்டாவ. மறுநாள் ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனாவ. கதவு ரொம்பச் சுருங்கிட்டாம். தொடை வழியா ஒரு வயர விட்டு, நுனியில ஒரு பலூன ஊதி அதத் தொறக்கணும், தள்ளிப்போடக் கூடாதுன்னுட்டாவ.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். தொறந்துட்டா சத்தம் என்ன ஆகும்?

போயிரும், இல்லாட்டி ரொம்பக் கொறஞ்சிரும்னாவ. ஏதோ நல்ல சேதி சொல்லுத மாதிரிச் சிரிச்சுக்கிட்டே சொல்லுதாவ அண்ணாச்சி. நான் முடியாதுன்னுட்டேன். இத்தன வருசமா இந்த ஆஸ்பத்திரிக்கு ஒழைச்ச சத்தம் அது. எத்தன டாக்டர உண்டாக்கிருக்கு. ஒரு பலூனுக்காக அத விட்டுக்குடுக்க முடியுமா?

மறுநாள் பாத்தா, அந்தப் புள்ள எம்பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கி. சைக்கிள் ஸ்டாண்டுல விசாரிச்சு, வீட்டத் தேடிப் போயி, ஒரு தாள்ல நெஞ்சுப் படம் வரஞ்சு காட்டி எல்லாத்தையும் சொல்லிருக்கு. பிரம்மு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எங்கிட்டயே வாரா. என்ன எவ்வளவு தூரம் சதி பண்ணிருக்காவ பாருங்க. நான் அந்தப் புள்ளையப் பாத்து, மாடல் எக்ஸாம்ல தோத்த கோவத்துல என்னப் பழிவாங்குதியான்னு கேட்டேன். அது தலையக் குனிஞ்சுக்கிட்டே ஒண்ணு சொல்லிச்சு.

"அந்தச் சத்தத்த வச்சு நாங்க பாஸாயிருவோம் ஐயா. நீங்க அத வச்சு எத்தன நாளைக்கு இருப்பிய?"

பிரம்மு சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டா. ரெண்டு பொம்பளைங்க சேந்துட்டா நம்ம பேச்சு எடுபடுமா? ஊதிட்டாவ.

முழிச்சதும் நான் செஞ்ச மொத வேல, ராத்திரி டூட்டி டாக்டரக் கூப்பிட்டுக் கேக்கச் சொன்னேன். லேசா இருக்குன்னாரு. ஆனா பழைய லாரி இல்லையாம். வேற ஏதோ ஊதுத மாதிரிச் சின்னச் சத்தமாம். அன்னைக்கி ஒரு தலகாணிய வச்சுத் தூங்குனேன் அண்ணாச்சி. விடியுத வரைக்கும் முழிக்கல. துக்கத்துல அசந்துட்டேன்.

அப்பதான் பழிவாங்கணும்னு முடிவு பண்ணேன். அந்தப் புள்ள தெனமும் வந்து தொடையில போட்ட கட்டப் பாக்கும். நான் ஒரு நாள் சொன்னேன், உனக்குக் கேக்கத் தெரிஞ்ச அளவுக்கு வேகம் கிடையாது, நீ ஆமைன்னு. கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிரும்னு பாத்தேன். அது, சரி ஐயா, அப்ப நீங்களே கேஸா இருங்க, நான் மொதல்லேருந்து பாக்கேன்னுட்டு உக்காந்துட்டு.

ஒரு கை பாத்துருவோம்னு நானும் இறங்குனேன். ஒரு நாள் செவிடன் மாதிரி இருந்தேன். அது என் காதுப் பக்கம் குனிஞ்சு, பையப் பையப் பேசுது, கையக் காட்டிக் கேக்கு. இன்னொரு நாள், என்ன செய்யுதுன்னு கேட்டா, எம்மச்சான் வீடு கட்டுன கதைய அஸ்திவாரத்துலேருந்து ஆரம்பிச்சேன். முத நாள் முழுக் கதையும் கேட்டு ஏமாந்துட்டு. மறுநாள், வீடு நல்ல வீடு ஐயா, அந்த மாடிப்படி ஏறுனா உங்களுக்கு இளைக்குதான்னு என்ன நடுவுல மடக்கிட்டு. ஒரு நாள் கோவக்காரனா இருந்தேன், நீ டாக்டரே கிடையாது போன்னேன். ஒரு நாள் எங்க தொட்டாலும் வலிக்குன்னேன். ஒரு நாள் எதக் கேட்டாலும் தெரியாதுன்னேன். இருமல் கிடையாது, கண்ண மூடல் கிடையாது, கொட்டாவி கிடையாது. ஒரு ஒத்தாசையும் செய்யல. பட்டினி போட்டுட்டேன்னு வச்சுக்கிடுங்க.

வீட்டுக்குப் போன பொறவும் விடல அது. மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டுக்கே வந்துரும். பெஞ்சுல சட்டையக் கழட்டிப் படுக்கப்போட்டு முதுகத் தட்டும். பஸ்ஸுக்கு நிக்கிற சனம், டோக்கன்காரன் முடிஞ்சான்னு சுத்தி நின்னு பாக்கும். நேரத்துக்கு நான் ஒரு ஏற்பாடு வச்சிருந்தேன். செங்கோட்டை வண்டி உள்ள வந்ததும் ஆரம்பிக்கணும், அது கெளம்புததுக்குள்ள முடிக்கணும். கெளம்பிட்டா, பரீட்ச மணி மாதிரி டோக்கன் டப்பாவத் தட்டிருவேன். அந்த டிரைவர் எனக்குப் பழக்கம். அஞ்சு நிமிசம் முன்னாடியே எடுங்கண்ணேன்னு ஜாடை காட்டிருவேன். முதல்ல எல்லாம் பாதியில நின்னு முழிக்கும். போகப் போக, வண்டி ஆரன் அடிக்கதுக்குள்ள முடிச்சுட்டுத் தண்ணி குடிக்கும். எனக்குச் சப்புன்னு போச்சு.

அசல் பரீட்சைக்குப் பெரிய டாக்டர் என்னக் கூப்பிட்டு விட்டாவ. எனக்கே ஆச்சரியம். சத்தமே போயிட்டே சார்னேன். வாரும்யா, அதனாலதான் கூப்பிடுதேன்னாவ. ஆனா கண்டிசன். கேட்டதுக்கு உள்ளத உள்ளபடி சொல்லணும், கேக்காதத நானாச் சொல்லக் கூடாது. கண்ணத் தொறந்து வைக்கணும், கொட்டாவி வந்தா வாயப் பொத்தணும்.

வெளியூர்லேருந்து வந்தது ஒரு அம்மா. ஒல்லி. சிரிக்கவே மாட்டாவ. எங்கிட்ட வந்தது நம்ம பிரணவ். என்னப் பாத்ததும் அவன் மூஞ்சி அப்படியே பூத்துட்டு. லாட்டரி விழுந்தவன் கணக்கா, ஹாய் அங்கிள்னு கண்ணடிச்சான். உக்காந்தான், ஒண்ணும் கேக்கல, மனப்பாடமா எழுத ஆரம்பிச்சுட்டான். மூச்சுமுட்டல் எழுதுனான், எனக்கு மூச்சு முட்டி நாளாச்சு. ரெண்டு தலகாணின்னு எழுதுனான். குழாய ஒரு பேருக்கு வச்சான். மிச்ச நேரமெல்லாம் கிரிக்கெட் பேசுதான். உள்ளதக் கேளேன்டா, கேட்டாச் சொல்லிருவேனேன்னு மனசுக்குள்ள கிடந்து அடிச்சுக்கிடுதேன். வாயத் தொறக்க முடியாது. அதனால பலூன் போன தொடையப் பாத்துப் பாத்துச் சொறிஞ்சேன். கொசுவா அங்கிள்னு ஃபேனக் கூட்டி வச்சான். தங்கமான பையன்.

அந்த அம்மா வந்தாவ. பிரணவ் பழைய லாரிய அப்படியே ஓட்டுனான், ஒரு கியர் கூட விடல. அவிய குழாய எடுத்து என் நெஞ்சுல வச்சாவ. ரொம்ப நேரம் கேட்டாவ. பொறவு அவன் கையில குடுத்து, நீ சொன்ன சத்தம் இப்பவும் கேக்குதான்னாவ.

"நல்லாக் கேக்குது மேடம்"னான்.

நம்ம பெரிய டாக்டர் மேல ஃபேனப் பாத்துக்கிட்டு நிக்காவ. அந்த அம்மா எம்பக்கம் திரும்பி, நெஞ்சுக்கு எதும் வைத்தியம் செஞ்சுருக்கியளான்னாவ. கேட்டுட்டாவள்லா? சொல்லிட்டேன். பலூன், தொடை, பிரம்மு கையெழுத்து எல்லாத்தையும் சொன்னேன். அவன் என்ன ஒரு பார்வ பாத்தான் பாருங்க. அந்தப் பார்வைய இன்னும் என்னால மறக்க முடியல.

எஸ்தருக்கு விழுந்தது பக்கத்துக் கட்டில். அதுல இருந்தவரு நம்மள மாதிரிப் பழகுன ஆளு இல்ல. அன்னைக்கிக் காலையில ஓ.பி.யில நின்ன சனத்துலேருந்து அந்த அம்மாவே கையக் காட்டி எடுத்துட்டு வந்த கெழவரு. காது மந்தம். கோவம் மூக்கு நுனியில. நீ போயி டாக்டரக் கூட்டிட்டு வா பாப்பான்னு அதட்டுதாரு. எனக்கே அவருக்கு என்ன வியாதின்னு தெரியாது. தெரிஞ்சா இருமவாவது செய்யலாம். ஒத்தையில மாட்டிக்கிட்டே தாயின்னு நெனச்சு நான் கண்ண மூடிக்கிட்டேன். பொறவு கண்டிசன் ஞாபகம் வந்து தொறந்துட்டேன்.

பாத்தா, அது ரெண்டு கையையும் தேச்சுக்கிட்டு நிக்கி. அவரு காதுப் பக்கம் குனிஞ்சு உத்தரவு கேக்கு. அவரு மகன ஏசுதாரு, மருமகள ஏசுதாரு. அது பதறல. மகன் வீட்டுல எந்தப் பக்கமாப் படுத்தா மூச்சு சொகமா வருதுன்னு ஒரு கேள்வியப் போட்டு மனுசனத் திருப்பிட்டு. முதுகத் தட்டிப் பாக்கு. ஒரு எடத்துல மறுபடி தட்டுது. மறுபடி தட்டுது. நேரம் இருக்கும்போதே பேனாவ மூடி வச்சுட்டு, அவருக்குச் சட்டைப் பித்தானப் போட்டு விட்டுச்சு.

அந்த அம்மா நெரிச்சு நெரிச்சுக் கேட்டாவ. இடப்பக்கம் நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவுல நீர் கட்டிருக்குன்னு இது சொல்லுது. நிச்சயமான்னாவ. திக்கப் போவுதுன்னு நெனச்சேன்.

"நான் தட்டுனப்ப இந்த எடத்துல கல்லு மாதிரிக் கேட்டுச்சு மேடம். நீங்களும் தட்டிப் பாருங்க"ன்னுச்சு.

அந்த அம்மா தட்டிப் பாத்தாவ. வாய்க் கோணத்துல ஒரு துளி சிரிப்பு வந்துச்சு அண்ணாச்சி, நான் பாத்தேன். அது வெளிய போகும்போது என் கட்டிலத் தாண்டித்தான் போச்சு. கன்னமெல்லாம் தண்ணி. ஏட்டி, இதுக்கும் அழுவியா, அதுக்கும் அழுவியான்னு கேக்கலாம்னு நெனச்சேன். கண்ணுல எனக்கும் ஏதோ தூசி.

எனக்கு ஒண்ணு மட்டும் இன்னைக்கி வர விளங்கல. நான் அவ்வளவு ஒத்தாச பண்ண பையன் தோத்தான். நான் போட்டுப் படுத்துன புள்ள பாஸாயிட்டு. என் கையில சத்தம் இருந்திருந்தா பிரணவ் தோத்திருப்பானா? சத்தத்த எடுத்தது யாரு? அந்தப் புள்ளதான. அப்ப அவன் தோத்ததுக்கு யாரு காரணம்? பெரிய டாக்டர்ட்டயே இதச் சொன்னேன். அவிய சிரிச்ச சிரிப்புல இருமலே வந்துட்டு. அந்தப் பையனோட அப்பா வந்து, கேஸ மாத்தி வச்சு எம்மகன ஏமாத்திட்டியன்னு சண்டை போட்டாவ. பெரிய டாக்டர் அமைதியா, ஆளு அதே ஆளுதான் சார், உங்க மகன் அவரப் பாக்கவே இல்லன்னாவ. அப்படி எப்படிச் சொல்லலாம்? கொசு கடிக்குன்னு ஃபேன் போட்டவன். பொறவு ஆறு மாசம் கழிச்சு எழுதி அவனும் பாஸாயிட்டான். பரீட்சைக்கு முந்தி சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிள், செங்கோட்டை வண்டி எத்தன மணிக்குன்னு கேட்டான். கோவத்துல இருக்கான் பாவம், பஸ் ஏறத்தான் கேக்கான்னு நெனச்சேன். இவன் சட்டையக் கழட்டுங்க அங்கிள்ங்கான்.

எங்குறைக்கு வாரேன். இந்த வருசம் என்ன யாரும் கூப்பிடல அண்ணாச்சி. போன் வரும் வரும்னு பாத்தேன். வரல. பிரம்முவுக்குச் சந்தோசம். தெருக்கோடிக் குழாயிலேருந்து ரெண்டு ரெண்டு குடமா என்னத் தண்ணி எடுக்க வச்சுட்டா. ஓரெட்டு மாடிக்குப் போயி வடகத்த எடுத்துட்டு வாங்கங்கா, போயிட்டு வாரேன். முன்னயெல்லாம் என்ன ஒரு வேல சொல்லுவாளா? மகாராசா மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். எல்லாம் போச்சு. சும்மா பாத்துட்டுப் போவோம்னுதான் இன்னைக்கி வந்தேன். உள்ள ஜன்னலோரக் கட்டில்ல எவனோ படுத்திருக்கான். அவன் சத்தத்தக் கேட்டேன், அதாவது கேட்ட புள்ளைட்ட கேட்டேன். சுமார்தானாம்.

இந்தா, எஸ்தர்தான் வாரா. வெள்ளைக் கோட்டப் போட்டுக்கிட்டு. இங்கயே ஹவுஸ் சர்ஜனா இருக்கா இப்ப. என்னம்மா? இவரா? இவருக்குத்தான் மண்ணீரல், டீ குடிச்சு முடிச்சதும் அனுப்புதேன். என்னது, நானா? பெரிய டாக்டர் என்னக் கூப்பிட்டாவளா? என் நெஞ்சப் பாக்கவா? வயித்தையா? என் வயித்துல என்ன இருக்கு?

கேட்டியளா அண்ணாச்சி. ஒண்ணுமே இல்லாத வயிறு ஒண்ணு வேணுமாம். உங்க கட்டிலுக்கு அடுத்த கட்டில்ல போட்டு, புள்ளைகள அமுக்கிப் பாக்கச் சொல்லப் போறாவளாம். நல்லா இருக்கத நல்லா இருக்குன்னு சொல்லத் தெரியுதான்னு பாக்கவாம். வார்டு பூராத் தேடியும் அப்படி ஒரு வயிறு அவியளுக்குக் கிடைக்கலையாம்.

வாரேம்மா. நீ போ, நான் இவரக் கூட்டிக்கிட்டு வாரேன். மூஞ்சியச் சுளிக்க மாட்டேன், சத்தியமா. முனங்கவும் மாட்டேன். அதையும் முன்கூட்டியே சொல்லிட்டுப் போறா பாருங்க, என்ன அவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கா.

எந்திரிங்க அண்ணாச்சி, பைய. கையக் குடுங்க. மொத மொதல்ல உங்க மண்ணீரலப் பாத்துட்டுத்தான் எங்கிட்ட வரும் எல்லாம். உங்ககிட்ட அம்புட்டுப் பெருசாப் பாத்த கை, எங்கிட்ட சும்மாவா போகும்? நான் ஒண்ணும் செய்ய வேண்டாம், சிவனேன்னு படுத்திருந்தாப் போதும். பாத்துக்கிட்டே இருங்க, ஒண்ணுமில்லாத என் வயித்துல இந்தப் புள்ளைய இன்னைக்கி என்னென்னத்தக் கண்டுபிடிக்கப் போவுதுன்னு.